பூ எங்கேருந்து வருதுன்னு பாருங்க

காரைக்குடியச் சுத்தி எந்த நர்சரிக்குப் போனாலும் இப்போ வாசல்லயே ஒரு ட்ரே நிறைய குட்டிக் குட்டி கேக்டஸ் வச்சிருக்காங்க, ரெண்டு இஞ்ச் பிளாஸ்டிக் தொட்டி, மேல கலர் கல்லு, பேரு கேட்டா "கேக்டஸ்தாங்க"ம்பாங்க, இன்னும் கொஞ்சம் கேட்டா "மிக்ஸ்டு வெரைட்டி"ம்பாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, அவங்களுக்கு வந்து இறங்குற லோடுலயே பேரு எழுதியிருக்காது. எங்கயோ விதை போட்டு, எங்கயோ வளர்த்து, கைமாறிக் கைமாறி வர்ற செடி, வழியில எங்கயோ பேரு தொலைஞ்சு போயிடுது.

ஆனா எனக்கு பேரு வேணும். பேரு தெரிஞ்சா ஊரு தெரியும், ஊரு தெரிஞ்சா அங்க எந்த மாசம் மழை, எந்த மாசம் வறட்சி, ராத்திரி எவ்வளவு குளிரும்னு தெரியும், அது தெரிஞ்சாத்தான் நம்ம செட்டிநாட்டு வெயில்லயும் ஐப்பசி மழையிலயும் அதை எங்க வைக்கிறது, எப்போ தண்ணிய நிறுத்துறதுன்னு முடிவு பண்ண முடியும். "வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி ஊத்துங்க"ன்னு பொதுவா சொல்ற எந்த ஆலோசனையும் கேக்டஸுக்கு உதவாது, கேக்டஸ் குடும்பத்துல ஆயிரத்து ஐந்நூறு வகைக்கிட்ட இருக்கு, பனி விழற ஆண்டிஸ் மலையில இருக்கிறதும் உண்டு, கரீபியன் கடல் ஓரத்துல உப்புக் காத்துல இருக்கிறதும் உண்டு.

நான் சொல்லப்போறது என்கிட்ட இருக்கிற ஒரு செடி, ரொம்பச் சின்னது. ஒரு தலை நாலஞ்சு சென்டிமீட்டர் அகலம், அதைச் சுத்தி குட்டித் தலைகள், உடம்பே தெரியாத அளவுக்கு மெல்லிசா வெள்ளை முடி மாதிரி முள்ளு, நடுவுல கொஞ்சம் தடிப்பா மஞ்சள் முள்ளு. போன்ல செடி பேரு சொல்ற ஆப்ல போட்டோ போட்டா ஒரு கோணத்துக்கு மாமில்லேரியா (கேக்டஸ்ல ஒரு பிரிவு) எலோங்காட்டாங்குது, இன்னொரு கோணத்துக்கு மாமில்லேரியா கிராசிலிஸ்ங்குது, சாயங்கால வெளிச்சத்துல எடுத்தா வேற ஏதோ பேரு. ஆப் பார்க்கிறது மொத்த உருவத்தை, கேக்டஸ்ல மொத்த உருவம் ஏமாத்தும். வெயில் கம்மியானா அதே செடி நீண்டு வெளுத்துப் போகும், வெயில் ஜாஸ்தியானா சுருங்கி முள்ளு அடர்த்தியாகும், ரெண்டையும் பக்கத்துல வச்சா ஒரே சாதின்னு யாரும் நம்ப மாட்டாங்க. அதனால நம்ம கண்ணை வச்சு, ஒரு லென்ஸை வச்சு, பொறுமையா பார்க்குறதுதான் வழி.

முதல்ல இது கேக்டஸ்தானான்னு பார்க்கணும், ஏன்னா நம்ம ஊர்ல முள்ளும் சதைப்பத்தும் இருந்தா எல்லாமே கள்ளிதான். பொட்டல் காட்டுலயும் வேலி ஓரத்துலயும் நிக்கிற சதுரக்கள்ளி கேக்டஸ் இல்ல, யூஃபோர்பியா, ஆமணக்கோட சொந்தம், இந்த மண்ணுக்கே உரியது. பழைய பாலைப் பாட்டுகள்ல வர்ற கள்ளி கேக்டஸா இருக்க வாய்ப்பே கிடையாது, கொலம்பஸ் 1492-ல அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் முள்ளு கேக்டஸெல்லாம் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்துச்சு. மரத்துல தொத்தி வளர்ற ரிப்சாலிஸ்னு ஒண்ணு மட்டும் ஆப்பிரிக்காவுலயும் இலங்கையிலயும் இயற்கையாவே இருக்கு, மத்தது எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். நாம வரப்புல பார்த்துப் பார்த்துப் பழகின சப்பாத்திக்கள்ளிகூட வெளியூர்ச் செடிதான்.

சப்பாத்திக்கள்ளி கதையக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. கொச்சினீல்னு ஒரு பூச்சி சப்பாத்திக்கள்ளியில ஒட்டிக்கிட்டு வாழும், அதை நசுக்கினா நல்ல ரத்தச் சிவப்பு சாயம், ஸ்பெயின்காரங்க அந்த வியாபாரத்துல கொழிச்சாங்க. அதைப் பார்த்து பிரிட்டிஷ் கம்பெனியும் இங்க முயற்சி பண்ணுச்சு, 18-ம் நூற்றாண்டு கடைசியில மெட்ராஸ்ல ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு டாக்டர் சைதாப்பேட்டையில இதுக்குன்னே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல பிரேசில்லேருந்து ஒரு பூச்சி வங்காளத்துக்கு வந்து சேர்ந்துச்சு, ஆனா அது தரமான சாயப் பூச்சி இல்ல, வேற சாதி. சாய வியாபாரம் படுத்துடுச்சு, பூச்சி மட்டும் கள்ளியத் தின்னு தீர்த்துச்சு. அதைக் கவனிச்சவங்க 1860-கள்ல தென்னிந்தியாவுல காடு மாதிரி பரவிக்கிடந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளிய அழிக்க இந்தப் பூச்சியவே வேணும்னே விட்டாங்க. ஒரு பூச்சியக் கொண்டு ஒரு களைய அடக்கினதுல உலகத்துலயே ரொம்ப முந்தின வெற்றி இது. பிறகு 1926-ல இன்னொரு வகைச் சப்பாத்திக்கு இலங்கையிலேருந்து இன்னொரு கொச்சினீல் பூச்சி வந்துச்சு. முதல் பூச்சி ஒரு வகைக் கள்ளியத்தான் தின்னும், அடுத்த வகைய அடக்க முடியலை. பூச்சிக்குத் தெரிஞ்ச வித்தியாசம் நமக்கும் தெரிஞ்சிருக்கணும், அடையாளம் கண்டுபிடிக்கிறது வெறும் பொழுதுபோக்கு இல்லைன்னு நான் நினைக்கிறதுக்கு இந்தக் கதையே போதும்.

சரி, கேக்டஸா யூஃபோர்பியாவான்னு எப்படிப் பார்க்கிறது? முள்ளோட அடியப் பாருங்க. கேக்டஸ்ல முள்ளு நேரா தோல்லேருந்து வராது, சின்னதா ஒரு பஞ்சுத் திட்டு இருக்கும், அதுலேருந்துதான் கொத்தா முள்ளு கிளம்பும், அந்தத் திட்டுக்கு ஏரியோல்னு பேரு. கேக்டஸ் குடும்பத்துக்கு மட்டுமே உள்ள உறுப்பு அது. சதுரக்கள்ளியில அந்தப் பஞ்சுத் திட்டு இருக்காது, முள்ளு ஜோடி ஜோடியா விளிம்புல நிக்கும். நிறைய பேர் "பால் வந்தா கள்ளி, வரலைன்னா கேக்டஸ்"னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அது பாதி சரி, யூஃபோர்பியா எல்லாத்துலயும் பால் வரும், ஆனா மாமில்லேரியாவுலயே ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பால் உண்டு. அதனால முதல்ல ஏரியோல், அப்புறம்தான் பால். குண்டூசியால லேசா குத்திப் பார்த்தேன், என் செடியில தண்ணிதான் கசிஞ்சுது. யூஃபோர்பியாவா இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா குத்தவே குத்தாதீங்க, அந்தப் பால் கண்ணுல பட்டா பெரிய வம்பு.

அடுத்தது பூ. இதுக்குக் காத்திருக்கணும், வேற வழியில்ல. மாசி மாசம் ஒரு நாள் உச்சியச் சுத்தி மொட்டு தெரிஞ்சுது, லென்ஸ் வச்சுப் பார்த்தா மொட்டு முள்ளுக்கொத்துலேருந்து வரலை, குமிழ் குமிழா இருக்கிற உடம்புல ரெண்டு குமிழுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துலேருந்து வருது. இதுதான் விஷயமே. குமிழுக்கு இடையில இருக்கிற பள்ளத்துல பூ வந்து, உச்சிக்குக் கொஞ்சம் கீழ வளையமா நின்னா அது மாமில்லேரியா. குமிழோட மேல்பக்கம் ஒரு கோடு மாதிரி வரிப்பள்ளம் ஓடி, பூ உச்சியில நடுவுல பெருசா வந்தா கோரிஃபாந்தா. உருண்டைச் செடியோட அடிப்பக்கத்துலேருந்து பூ வந்தா பெரும்பாலும் ரெபூட்டியா, அது தென் அமெரிக்காக்காரன், நம்ம சூட்டுக்கு ரொம்பத் தவிக்கும். பூவோட குழாய் வழவழன்னு முடியும் முள்ளும் இல்லாம செதில் மட்டும் இருந்தா ஜிம்னோகாலிசியம். நீளமான குழாய் முழுக்க முடியா இருந்து ராத்திரியில விரிஞ்சா எக்கினாப்சிஸ்னு யோசிக்கலாம். பார்க்க எல்லாமே முள்ளு உருண்டைதான், பூ வர்ற இடமும் குழாயும் பார்த்தா தனித்தனியாப் பிரிஞ்சுடும்.

இங்க ஒரு எச்சரிக்கை. கடையில பூவோட நிக்கிற குட்டிக் கேக்டஸ் நிறையவே ஒட்டுப் பூ. காகிதம் மாதிரி காய்ஞ்ச பூவ சூடான பசை வச்சு உச்சியில ஒட்டி வச்சிருப்பாங்க, அந்தக் காய்ஞ்ச பூ ஈரக் காத்துக்கு மூடும், காத்து காய்ஞ்சா விரியும், அதனால உயிருள்ள பூன்னே தோணும். மாசக்கணக்கா வாடாம இருந்தா நம்பாதீங்க, அசல் மாமில்லேரியா பூ ஒண்ணு சில நாள்தான், அடுத்தடுத்து புதுசு வரும். பசை ஒட்டுன இடத்துல செடி வளர முடியாது, தழும்பு நின்னுடும். அதே மாதிரி சிவப்பா மஞ்சளா உருண்டை வச்சு பச்சைத் தண்டு மேல நிக்கிறது ஜிம்னோகாலிசியம் மிஹானோவிச்சியோட பச்சையமே இல்லாத வகை, ஜப்பான்ல உருவாக்குனது, தானா சாப்பாடு செய்ய முடியாது, அதனாலதான் டிராகன் ஃப்ரூட் சாதித் தண்டுல ஒட்டுக் கட்டுறாங்க. அழகுதான், ஆனா கீழ இருக்கிற தண்டு போனா மேல இருக்கிறதும் போச்சு.

மாமில்லேரியான்னு தெரிஞ்சாச்சு, அதுல எது? இந்தப் பேர்ல நூத்தம்பதுக்குக் கிட்ட வகை இருக்கு, பெரும்பாலானது மெக்சிகோவுல. 1812-ல ஹாவர்த்னு ஒரு இங்கிலாந்துக்காரர் இந்தப் பிரிவ ஏற்படுத்தினார், அதுக்கப்புறம் பிரிக்கிறதும் சேர்க்கிறதுமா இருக்கு, 2021-லகூட மரபணு ஆராய்ச்சி பண்ணி ஒரு கூட்டத்தை கோச்சிமியான்னு தனியாக் கொண்டு போயிட்டாங்க. அதனால பழைய லேபிளும் புது லேபிளும் ஒத்துப்போகலைன்னா பயப்பட வேண்டாம்.

என் செடிக்கு ஆப் சொன்ன எலோங்காட்டா விரல் விரலா நீளும், முள்ளு பின்னால வளைஞ்சு உடம்போட ஒட்டிக்கும், நடு முள்ளு பெரும்பாலும் இருக்கவே இருக்காது, பள்ளமும் வெறுமையா இருக்கும். என்னோடதுல நடு முள்ளு நல்லாவே நீட்டிக்கிட்டு நிக்குது, நேரா, கொக்கி இல்லாம. கிராசிலிஸ்னா குட்டித் தலைகள் தாயோட மேல்பாதியில ஒட்டிக்கிட்டு இருந்து தொட்டாலே உதிரும், ஓர முள்ளு ஒரு கொத்துக்குப் பதினஞ்சு பக்கம்தான், நல்ல சுண்ணாம்பு வெள்ளை. என்னோடதுல ஒரு முள்ளுக்கொத்த தனியா எடுத்து கறுப்புத் துணி மேல வச்சு எண்ணினா முப்பத்தைத் தாண்டுது, எல்லாம் முடி மாதிரி. கடைசியா குமிழுக்கு இடையில பள்ளத்துக்குள்ள பார்த்தா குமிழ் உயரத்துக்கு மெல்லிய வெள்ளை இழை. பூ ஒன்றரை சென்டிமீட்டருக்குள்ள, வெளிர் மஞ்சள், இதழ் நடுவுல லேசா பழுப்புக் கோடு. இத்தனையும் சேர்ந்து வர்றது மாமில்லேரியா ப்ரோலிஃபெரால. நாலஞ்சு அடையாளம் ஒண்ணா ஒத்துப்போனப்போ வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை, அன்னிக்கு முழுக்க வீட்ல யார் வந்தாலும் லென்ஸைக் கையில கொடுத்து "இங்க பாருங்க, இந்தப் பள்ளத்துல பாருங்க"ன்னுதான் பேசிக்கிட்டு இருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆச்சியும் வந்து பார்த்தாங்க. முள்ளுச் செடிய வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுங்கிறதுல உறுதியா இருக்கிறவங்க. "ஏப்பா, வாசல்ல கத்தாழைய கட்டித் தொங்கவிட்டா திருஷ்டி போகும், இது எதுக்குப்பா உள்ள?"ன்னாங்க. "ஆச்சி, இது உள்ள இல்ல, முத்தத்து ஓரத்துலதான் இருக்கு, வெளிச்சம் வேணும் இதுக்கு"ன்னேன். லென்ஸ்ல ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இத்தனூண்டு பூவுக்குள்ள எவ்வளவு வேலைப்பாடு"ன்னு சொல்லிட்டு, ஒரு குட்டி பிரிச்சுக் கொடுன்னு கேட்டு வாங்கிட்டும் போனாங்க.

இப்போ பேரு கிடைச்சதால என்ன லாபம்னு சொல்றேன். ப்ரோலிஃபெரா கியூபா, ஹைட்டி, டொமினிகன் ரிபப்ளிக், டெக்சாஸ், வடகிழக்கு மெக்சிகோன்னு பரவி இருக்கிற செடி. கரீபியன் தீவுகள்ல ராத்திரியும் புழுக்கமா இருக்கும், அதனால பூக்கிறதுக்கு கடுமையான குளிர் வேணும்னு இது அடம் பிடிக்காது. மெக்சிகோ மேட்டு நிலத்து மாமில்லேரியா பலதும் குளிர்ந்த காய்ஞ்ச குளிர்காலம் கிடைச்சாத்தான் பூக்கும், நமக்கு மார்கழி தையில கிடைக்கிற கொஞ்ச குளிர் அதுங்களுக்குப் பத்தாது. செட்டிநாட்டுல முதல் கேக்டஸ் வாங்குறவங்களுக்கு நான் ப்ரோலிஃபெராவச் சொல்றது இதனாலதான். இன்னொண்ணு வேணும்னா ஜிம்னோகாலிசியம் மிஹானோவிச்சியோட அசல் வகை, அது பராகுவே பக்கத்துச் சாக்கோ சமவெளியில புதர் நிழல்ல வளர்றது, சூடும் அரை நிழலும் அதுக்குப் பழக்கம்.

மழைதான் பெரிய பிரச்னை. மெக்சிகோவுல மழை கோடையில, குளிர்காலம் வறட்சி. நமக்குத் தலைகீழ், ஐப்பசி கார்த்திகையில நாள் கணக்கா கொட்டும், வெயிலே இருக்காது, வேர் அழுக ஆரம்பிச்சா மேல தெரியறதுக்குள்ள உள்ள கூழாகியிருக்கும். அதனால புரட்டாசி கடைசியிலயே தொட்டிய மொட்டைமாடியிலேருந்து இறக்கி முத்தத்தைச் சுத்தி இருக்கிற தாழ்வாரத்துக்குக் கொண்டு வந்துடணும். செட்டிநாட்டு வீட்டு முத்தம் இதுக்குன்னே கட்டுன மாதிரி, மேல திறப்பு, நல்ல வெளிச்சம், ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழ மழை படாது, காத்து ஓட்டம் உண்டு. தூத்தல் தெறிக்காம ஒரு முழம் உள்ள தள்ளி வச்சா போதும். தண்ணி அந்த மாசங்கள்ல கிட்டத்தட்ட கிடையாது, காத்துல இருக்கிற ஈரமே ஜாஸ்தி.

முத்தத்துல கூரைத் தண்ணி விழற இடத்துல அண்டா வச்சுப் பிடிக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகள்ல இருக்கு, அந்தத் தண்ணிதான் கேக்டஸுக்கு அமிர்தம். எங்க போர் தண்ணி உப்பு, தொடர்ந்து ஊத்தினா முள்ளு மேலயும் மண்ணு மேலயும் வெள்ளை படியும். மழைத்தண்ணிய மூடி வச்சுக்கிட்டு மாசியிலேருந்து பயன்படுத்தினா செடி நிறமே வேற.

மண்கலவை. இங்க நர்சரியில செம்மண்ணும் சாணி எருவும் போட்டுத்தான் கொடுக்கிறாங்க, நம்ம செம்மண் நனைஞ்சா குழையும், காய்ஞ்சா இறுகிக் கல்லாகும், கேக்டஸ் வேருக்கு ரெண்டுமே ஆகாது. இணையத்துல பியூமிஸ்னு எரிமலைக் கல்லு, அகடமான்னு ஜப்பான் மண்ணுன்னு வெளிநாட்டுச் சரக்கெல்லாம் சொல்லுவாங்க, அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம ஊர்லயே நாட்டு ஓடு இருக்கு. பழைய வீடுகளை இடிக்கிறப்போ தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகள்ல விலைக்கு வந்துடுது (அதைப் பார்க்கிறப்போ மனசு கஷ்டமாத்தான் இருக்கும்), உடைஞ்ச ஓட்டை யாரும் சீண்டுறதில்ல. அதை அஞ்சு மில்லிமீட்டர் அளவுக்குத் தட்டி, தூளை சலிச்சு எடுத்துட்டு, ரெண்டு பங்கு ஓட்டுச் சில்லு, ஒரு பங்கு கழுவின பெருமணல், ஒரு பங்கு நல்லா மக்கின மண்புழு உரம். ஓட்டுச் சில்லு தண்ணிய உள்ள இழுத்துக்கும், மேல தேங்க விடாது. தொட்டி மானாமதுரை மண் தொட்டி, சின்னதா, கீழ ஓட்டையோட. ஈரம் இருக்கான்னு பார்க்க ஒரு ஈர்க்குச்சிய ஓரமா அடி வரைக்கும் சொருகி எடுங்க, ஒட்டிக்கிட்டு வந்தா தண்ணி வேண்டாம்.

மாசி பங்குனியில காலை வெயில் பத்து பத்தரை வரைக்கும் நேரா படலாம். சித்திரை பொறந்துட்டா பச்சை வலை கட்டாயம், அம்பது பர்சன்ட் நிழல் வலை. கேக்டஸ் பகல்ல தோல்ல இருக்கிற நுண்துளைய மூடிக்கிட்டு ராத்திரி திறந்துதான் காத்தை உள்ள வாங்கும், ராத்திரி சூடு இறங்காத அக்னி நட்சத்திர நாட்கள்ல அந்த வேலையே தடைபடும், வளர்ச்சி நிக்கும், அந்த நேரத்துல வாடுதேன்னு தண்ணிய ஊத்துறது செடியக் கொல்ற வேலை. சாயங்காலம், குறைவா, ரொம்ப சுருங்கினா மட்டும்.

பூச்சிக்கு ஒரு வார்த்தை. ப்ரோலிஃபெராவுல பள்ளத்துக்குள்ள இயற்கையாவே வெள்ளை இழை இருக்கிறதால மாவுப்பூச்சி ஒளிஞ்சுக்கிறது தெரியாது. இழை நேரா மெல்லிசா தனித்தனியா நிக்கும், மாவுப்பூச்சி கட்டியா, மெழுகு பூசின மாதிரி, எடுத்தா பிசுபிசுக்கும். ஸ்பிரிட் நனைச்ச பஞ்சுக்குச்சியால ஒவ்வொண்ணா தொட்டு எடுத்தா போதும், எடுத்துட்டு ரெண்டு மூணு நாள் நிழல்ல வைங்க.

பூ முடிஞ்சு பல வாரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் திடீர்னு அதே பள்ளத்துலேருந்து செக்கச் சிவந்த காய் நீட்டும், ஊசிமிளகாய் மாதிரி. இந்த வகை தன் மகரந்தத்துலயே காய்க்கும், ஒரே ஒரு செடி இருந்தாலும் விதை உண்டு. பழம் சாப்பிடலாம், இனிப்பும் லேசா புளிப்புமா இருக்கும், ஆனா அடையாளம் உறுதியா தெரிஞ்ச செடியில, மருந்து அடிக்காத செடியில மட்டும். விதை கறுப்பு, அதுவும் ஒரு அடையாளம்தான், மாமில்லேரியாவுல பழுப்பு விதை வகைகளும் உண்டு. பழத்தைப் பிழிஞ்சு விதையக் கழுவிக் காய வச்சு, தையில மண்ணு மேல தூவி, விதை மேல மண்ணு போட்டு மூடாம, தொட்டி வாய்க்கு பிளாஸ்டிக் கவர் கட்டி நிழல் வெளிச்சத்துல வச்சா ஒண்ணு ரெண்டு வாரத்துல பச்சை முத்து முத்தா முளைக்கும்.

விதையிலேருந்து வளர்த்த செடியத்தான் வாங்கணும்னும் சொல்லிக்கிறேன். 2015-ல வெளிவந்த ஒரு ஆய்வுல கேக்டஸ் வகைகள்ல 31 சதவீதம் அழியற ஆபத்துல இருக்குன்னு தெரிஞ்சுது, காட்டுலேருந்து பிடுங்கி விக்கிறது பெரிய காரணங்கள்ல ஒண்ணு. காட்டுச் செடி, விலங்குகளை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் உடன்படிக்கையில கிட்டத்தட்ட மொத்தக் குடும்பமும் இருக்கு, மாமில்லேரியாவுலயே சிலது ரொம்பக் கடுமையான பட்டியல்ல. தழும்பும் மண்ணும் வயசுமா வர்ற அபூர்வச் செடி மலிவா கிடைக்குதுன்னா தொடாதீங்க.

யாருக்காவது குட்டி பிரிச்சுக் கொடுத்தா ஐஸ்கிரீம் குச்சியில பென்சில்ல பேரும், பூ நிறமும், வாங்குன வருஷமும் எழுதி சொருகித்தான் கொடுக்கிறேன், பேனா மை வெயில்ல போயிடும், பென்சில் நிக்கும். தாழ்வாரத்துல இன்னொரு மாமில்லேரியா இருக்கு, நடு முள்ளு கொக்கியா வளைஞ்சது, இன்னும் பூக்கலை. அது குச்சியில இப்போதைக்கு "மாமில்லேரியா, கொக்கி முள், பால் இல்லை"ன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன்.